குளிர்நாட்டு ஈயும் 250 மரபணுக்களும்

அன்புள்ள ஐயா,

டுரொசோபிலா மொன்டானா என்னும் குளிர்நாட்டுப் பழ ஈயைப் பற்றிய உங்கள் கட்டுரையை உயர்தர வகுப்பில் வாசித்துக் காட்டினேன். குளிரோடு தொடர்புடையவையாகச் சுமார் 250 மரபணுக்களைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவற்றுள் முக்கியமான ஒன்றை எடுத்து நமது நெல்லில் சேர்க்க முடியாதா என்று ஒரு மாணவன் கேட்கிறான்.

உயிரியல் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த 250ஐக் குளிர் தாங்கும் மரபணுக்களின் பட்டியலாகக் கொள்ள முடியாது. 2018இல் வெளியான அந்த ஆய்வு, குளிர்நாட்டு இனங்களையும் வெப்பநாட்டு இனங்களையும் ஒப்பிட்டு, எந்த மரபணுக்கள் விரைவாக மாறியுள்ளன என்று தேடியது. புரதத்தை மாற்றும் மாற்றங்களைத் தொகுதியெண்ணாகவும், புரதத்தைத் தொடாத மாற்றங்களைப் பகுதியெண்ணாகவும் கொண்ட விகிதமே அங்கே அளவுகோல். குளிர் இனங்களில் பகுதியெண்ணே சிறுத்திருப்பதால் இந்த வேறுபாடு தோன்றியிருக்கலாம் என்று ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஆய்வுகூட ஈயான மெலனோகாஸ்டர் 25 பாகை செல்சியசில் ஏறத்தாழப் பத்து நாளில் ஒரு தலைமுறையை முடிக்க, வடக்குப் பின்லாந்தின் மொன்டானாவுக்கோ ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான்; தலைமுறைகள் குறைந்தால் டி.என்.ஏ. பிரதியெடுப்பில் சேரும் பிழைகளும் குறையும் என்பதே காரணமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

நான் அதிகம் மதிப்பது அதே ஆய்வின் இன்னொரு முடிவை. மொன்டானாவின் மூன்று குடித்தொகைகளை ஒப்பிட்டபோது வழக்கத்துக்கு மீறி வேறுபட்டு நின்ற மரபணுக்கள், இந்தப் பட்டியலோடு தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய அளவைவிடக் கூடுதலாக ஒத்துப்போயின. குடித்தொகைகளிடையே அப்படி வேறுபட்டு நின்றவை எக்ஸ் நிறமூர்த்தத்தில் மிகுந்திருந்தன.

நெல்லைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இந்த ஈ குளிரைத் தாங்குவதோடு நிற்பதில்லை, குளிர் வருமுன்பே ஆயத்தமாகிறது. வடக்கே கோடை முடிந்து பகல் குறுகும்போது கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் பெண் ஈயின் சூலகம் வளராமல் நின்றுவிடுகிறது. முட்டையிடுவதை வசந்தத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, முதிர்ந்த ஈயாகவே அது பனிக்காலத்தைக் கடக்கிறது. நமது மட்டக்களப்பிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. பல மரபணுக்கள் கூடி, பகலின் நீளத்தைப் பார்த்து நடத்தும் இந்த ஏற்பாட்டிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து நெல்லில் வைத்தால் அது என்ன செய்யும்? மாரி மழைக்கால நெற்செய்கையான பெரும்போகத்தில் நமக்குள்ள கவலையும் குளிரல்ல, வெள்ளம்.

மாணவனின் ஆர்வத்தை வீணாக்க வேண்டாம். கனிந்த மாம்பழத்தை மொய்க்கும் சிற்றீக்களைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, மீன்வாடி ஐஸ் தூளுக்குள் சில மணி நேரம் புதைத்து வைக்கச் சொல்லுங்கள். குளிரில் அயன் சமநிலை குலைந்து, உடற்பாய்மத்தில் பொட்டாசியம் ஏறுவதால் தசைகள் செயலிழந்து ஈக்கள் விழுந்து கிடக்கும். வெளியே எடுத்தபின் முதலில் கால் துடிக்கும், பிறகு புரண்டு எழும். எழுந்து நிற்க ஒவ்வொன்றும் எடுக்கும் நேரத்தைத்தான் ஆய்வாளர்களும் குளிர்தாங்கும் திறனின் ஓர் அளவாகக் கொள்கிறார்கள். ஒரே பழத்து ஈக்களிடையேகூட அந்த நேரம் வேறுபடும். ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளட்டும்.