ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும்வரை முன்பணம் வேண்டாம்

வணக்கம். நீங்கள் வாங்க நினைக்கும் பழைய காரின் கடன் முடிந்துவிட்டது என்று விற்பவர் சொன்னாலும், அதன் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலையில் தயவுசெய்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கடன் முடிந்ததைத் தெரிவிக்கும், வங்கி கையொப்பமிட்ட படிவம் 35-ஐயும் தடையில்லாச் சான்றையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து விற்பவரே வங்கியின் பெயரை நீக்கட்டும். அது நீங்கியதைப் அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணை இட்டு உறுதிசெய்த பிறகு உரிமை மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் கையெழுத்து வாங்குங்கள். சென்னையில் ஓடிய வண்டி என்பதால், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியதா என்றும் பார்க்க வேண்டும்: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், வழக்கமாக வெளியே வராத அந்தப் பகுதியில் சேற்றுக் கறை தெரிந்தால், வண்டி எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுங்கள். வாங்கினால், காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.