நன்றாக எழுதிய கட்டுரை மேடையில் ஏன் எடுபடுவதில்லை?

கேள்வி: எனக்கு ஓரளவு தெளிவாக எழுத வருகிறது. ஆனால் எழுதியதை மேடையில் வாசித்தால் சற்று நேரத்திலேயே கேட்பவர்களின் கவனம் சிதறிவிடுகிறது. எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?

பதில்: பிறருக்கு உரை எழுதிக் கொடுப்பதைப் பல ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருகிறேன். நீங்கள் சொல்லும் சிக்கல் பெரும்பாலும் குரலில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது என்பதே நான் கண்டது. வாசிப்பவர் புரியாத இடத்தில் இரண்டு வரி மேலே போய் மறுபடியும் படித்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வழி இல்லை. தமிழில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். நம் வாக்கியத்தில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருவதால், யார், எதை, எதற்காக என்பதையெல்லாம் அது வந்து சேரும்வரை கேட்பவர் மனத்தில் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நான் முதன்முதலில் எழுதிக் கொடுத்த உரை ஒன்றில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "புதிதாகச் சேர்ந்த பணியாளர்களில் பயிற்சி முடியும் முன்பே விலகுவோரின் எண்ணிக்கை அதிகரித்திருப்பதற்கான காரணங்களை ஆராய்வதற்காக அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரைகள் நிர்வாகத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன." இலக்கணப் பிழை எதுவும் இல்லை, தாளில் படித்தால் பொருளும் விளங்கும். ஆனால் அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டபோது, பேசியவர் 'குழுவின்' என்ற சொல்லை எட்டும் முன்பே முன்னால் இருந்தவர்கள் கைப்பேசியை எடுத்துவிட்டதைக் கண்டேன். அதே செய்தியை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: "புதிதாகச் சேர்கிறவர்கள் பயிற்சி முடியும் முன்பே விலகிவிடுகிறார்கள். விலகுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஏன் என்று கண்டறிய ஒரு குழு அமைத்தோம். குழு சொன்ன யோசனைகளை ஏற்றுக்கொண்டோம்." ஒரு வினைமுற்று இருந்த இடத்தில் இப்போது நான்கு இருக்கின்றன, ஒவ்வொன்றும் கேட்பவர் சற்று இளைப்பாறும் இடம். 'ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன' என்பது 'ஏற்றுக்கொண்டோம்' என்று மாறியதும், செய்தவர் யார் என்பதும் தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் குறை என்று கருதி, 'அது', 'அவர்', 'மேற்கண்ட' என்று மாற்றிவிடுவோம். காதால் கேட்பவருக்கு 'அது' எது என்று தேட நேரம் இருக்காது; ஆகவே உரையில் பெயரையே மறுபடியும் சொல்வதற்குத் தயங்க வேண்டாம். எண்களும் அப்படித்தான்: ஒரு பத்தியில் ஐந்து எண்கள் வந்தால் ஒன்றும் தங்காது, ஒன்றே வந்தால் தங்கும்.

மனப்பாடமா, தாளா என்று பலரும் கேட்கிறார்கள். நான் தாளின் பக்கம். பேச்சாற்றலுக்குப் பேர்போன வின்ஸ்டன் சர்ச்சில், இளம் உறுப்பினராக இருந்த 1904ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நினைவிலிருந்தே பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் தொடர் அறுந்து, முடிக்க முடியாமல் அமர்ந்துவிட்டார். அதன் பிறகு அவர் விரிவான குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். அவை உரைநடைப் பத்திகளாக இல்லாமல், கவிதை போல வரி வரியாக மடக்கித் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அந்த முறையை நானும் பின்பற்றுகிறேன். ஒரு மூச்சில் சொல்ல முடிந்த அளவுதான் ஒரு வரி. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். எந்த வாக்கியமும் பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடியக்கூடாது. இப்படி அச்சிட்டால் வரி முடியும் இடத்தில் குரல் தானாகவே நிற்கும், தலையும் நிமிரும். எங்கே நிறுத்துவது என்று தனியாகப் பழக வேண்டியதில்லை. முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் தாளைப் பார்க்காமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் பெரும்பாலும் பெயரெச்சங்கள் அடுக்கடுக்காக நிற்கும். அங்கேயே வாக்கியத்தை உடைத்துவிடலாம். பிறகு, பொருளை முன்பின் அறியாத ஒருவரிடம் ஒரே ஒரு முறை படித்துக் காட்டி, என்ன சொன்னேன் என்று கேளுங்கள். நீங்கள் சொல்ல நினைத்தது அவர் வாயில் வராவிட்டால் குரலை உயர்த்திப் பயன் இல்லை. தாளுக்குத் திரும்பி, அவர் தவறவிட்ட அந்த இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.