ஆம்பூரும் ஆற்காடும் ஒரே கட்டத்தில் சந்திக்கலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு ஆசிரியை கேட்கிறார்: பள்ளி ஆண்டு மலருக்கு ‘நம் வேலூர் மாவட்டம்’ என்று குறுக்கெழுத்துப் புதிர் போட்டிருக்கிறேன். அதில் ஆம்பூரும் ஆற்காடும் ‘ஆ’ என்ற எழுத்தில் சேர்கின்றன, பாலாறு மேலிருந்து கீழே வருகிறது. ‘கிழக்கே ஓடுகிற ஆற்றை இப்படிப் போடலாமா, வேலூருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக இருக்கிற ஊர்கள் எப்படி ஒட்டும்?’ என்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர். மாற்றணுமா?

வேண்டாம் டீச்சர். கட்டம் வரைபடம் கிடையாது, எழுத்து ஒத்துப்போனால் சொற்கள் சேரும், அவ்வளவுதான். தமிழில் அதுவே பெரும்பாடு. பாலாற்றில் ‘லா’, வேலூரில் ‘லூ’, இரண்டும் ஒரு கட்டத்தில் உட்காராது. திசையும் பார்க்க ஆரம்பித்தால் புதிரே அமையாது.

ஒரே ஒரு விலக்கு. தலைப்பே வரிசையைச் சொன்னால், உதாரணமாக ‘பாலாற்றோடு ஒரு பயணம்’ என்று வைத்தால், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு என்று ஆறு போகிற வரிசையில்தான் எண்கள் வரவேண்டும். ஆற்காடு 1, ஆம்பூர் 9 என்று வந்தால் பிள்ளைகள் ஆறு எதிர்த்திசையில் ஓடுகிறது என்றே நினைப்பார்கள், அப்போது எண்ணை மாற்றுங்கள், முடியாவிட்டால் தலைப்பை மாற்றுங்கள்.

உங்கள் புதிரில் உண்மையான தப்பு தலைப்பில் இருக்கிறது. 2019இல் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு இராணிப்பேட்டை மாவட்டம். இதை மலர்க் குழுவில் ஒருவரும் கவனிக்கவில்லை! ஆறு எந்தத் திசை என்று மணிக்கணக்கில் பேசுவார்கள், குறிப்பைப் படித்துப் பார்க்க மட்டும் நேரம் இருக்காது. எத்தனை மலர்களில் பார்த்துவிட்டேன். ‘பழைய வட ஆற்காடு’ என்று வையுங்கள், எல்லா ஊரும் அடங்கும்.

அப்புறம் முக்கியமாக, ‘புதிரை நாங்களே போட்டுத் தருகிறோம்’ என்று காசு கேட்டு வருகிறவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். ஆங்கிலத்துக்குச் செய்த மென்பொருளில் தமிழைக் கொட்டுவார்கள், அது கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி மூன்றெழுத்து வேலூருக்கு ஆறு கட்டம் போடும். கேட்டால் ‘கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது’ என்பார்கள். போன வருஷம் வேறொரு பள்ளிக்கு விற்ற அதே புதிரைத் தலைப்பு மட்டும் மாற்றி உங்களிடம் நீட்டுகிறவர்களும் உண்டு. நீங்கள் கையால் போட்டதே நன்றாக இருக்கிறது, அதையே கொடுங்கள். தலைப்பை மட்டும் அச்சுக்குப் போவதற்குள் மாற்றிவிடுங்கள்.