பூட்டிக் கிடந்த தாங்கியும் பிளீச்சும்

வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் கோண்டாவில். இப்போது இருப்பது ரொறன்ரோவுக்குப் பக்கத்தில். போன புரட்டாதியில் பழைய ஆர்.வி. (உள்ளேயே தங்கிப் பயணம் செய்கிற வாகனம்) ஒன்று வாங்கினோம். விற்றவரே குழாய்களுக்குள் இளஞ்சிவப்பாக ஒரு திரவத்தை ஏற்றிவிட்டுத் தந்தார். குளிர்காலம் முழுக்க வாகனம் வீட்டு வாசலில் நின்றது. இப்போது சித்திரையில் பைப்பைத் திறந்தால் நுரை வருகிறது, ஒரு பூஞ்சண மணமும் வருகிறது. பிளீச் விட்டுக் கழுவச் சொல்கிறார்கள். எவ்வளவு விட வேண்டும்? பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறார்கள் என்பதால் பயமாக இருக்கிறது. ஊரில் அம்மா உங்கள் பகுதியை விடாமல் வாசிக்கிறவ. அவதான் உங்களிடம் கேட்கச் சொன்னா.

பதில்: தம்பி, பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் என்றபடியால் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 5 சதவீதப் பிளீச் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மில்லிலீற்றர். அப்போது லீற்றருக்கு 50 மில்லிகிறாம் குளோரின் வரும். அது நாலு மணித்தியாலம் குழாய்க்குள் நிற்க வேண்டும். இது கழுவுகிற அளவு. அந்தத் தண்ணீரை யாரும் வாயில் வைக்கக்கூடாது.

போத்தலில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அங்கே 8 சதவீதத்துக்கு மேலே உள்ள பிளீச்சும் விற்கிறது. அதென்றால் லீற்றருக்கு 0.6 மில்லிலீற்றர் போதும். வாசனை சேர்த்ததும், தெறிக்காமல் இருக்கக் கொழுகொழுப்பாக்கினதும் வேண்டாம். போன வருடம் திறந்த போத்தலும் வேண்டாம். பிளீச் மாதக் கணக்கில் இருந்தால் வீரியம் குறைந்துவிடும்.

ஊரிலுள்ள வாசகர்களுக்கு ஒரு விளக்கம். ஆர்.வி. என்பது குசினி, கழிப்பறை, குளிக்கிற இடம் எல்லாம் உள்ளே வைத்துக் கட்டின வாகனம். கட்டிலுக்குக் கீழே பெரும்பாலும் 150 லீற்றர் அளவில் ஒரு தண்ணீர்த் தாங்கி இருக்கும். சின்னப் பம்ப் ஒன்று, சுடுதண்ணீர் ஹீற்றர் ஒன்று. கனடாவின் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் நின்றால் உறைந்து பருத்துக் குழாயை வெடிக்க வைக்கும். அதனால் மாரிக்கு முதலே தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத திரவத்தைக் குழாய்களுக்குள் ஏற்றிவிடுவார்கள். தம்பி சொல்கிற இளஞ்சிவப்புத் திரவம் அதுதான். அதில் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கோல். குடிதண்ணீர்க் குழாய்க்கென்றே விற்கப்படுவது. கார் எஞ்சினுக்கு விடுகிற எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. வாகனத்தை விற்றவரிடம் எந்தப் போத்தலை ஊற்றினார் என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் முப்பத்தாறு வருடம் பைப் வேலை செய்தவன். மகள் வீட்டில் போய் நின்ற இரண்டு சித்திரையிலும் மருமகனோடு சேர்ந்து அவர்களுடைய ஆர்.வி.யைக் கழுவினேன். அதனால் இதைக் கையால் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

அளவு தெரிந்துவிட்டது என்று உடனே போத்தலைத் தூக்காதீர்கள். முதல் கழுவல், பிறகுதான் மருந்து. குழாயின் உட்சுவரில் வழுவழுப்பாகப் பாசிபோல ஒன்று பிடித்திருக்கும். கிளைக்கோலும் மிஞ்சி நிற்கும். அழுக்கு இருக்கிற இடத்தில் குளோரின் அந்த அழுக்கோடே செலவழிந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. தாங்கியின் அடி வால்வைத் திறந்து இருப்பதை வடியுங்கள். வடிகட்டியின் உள்ளீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கூட்டைப் பூட்டுங்கள். புதியதை இப்போது போட்டால் குளோரினை அதுவே பிடித்துவிடும். நல்ல தண்ணீர் நிரப்பி, பைப் ஒவ்வொன்றாகத் திறந்து ஓட விடுங்கள். குசினித் தொட்டியில் முதலில் இளஞ்சிவப்பு நுரை வட்டமாகச் சுழன்று நிற்கும், பிறகு வெறும் நுரை, பிறகு தெளிந்த தண்ணீர். ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் குலுக்கிப் பாருங்கள். நுரை நிற்காமல் அடங்கினால்தான் அடுத்த வேலை. தண்ணீர் ஏற்றத் தோட்டத்துக்குப் பிடிக்கிற பச்சை ஹோஸை எடுக்க வேண்டாம். குடிதண்ணீருக்கென்று தனி ஹோஸ் விற்கிறது, அதை வாங்குங்கள்.

இனி ஹீற்றர். நாங்கள் பிழைவிட்ட இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குளிர்காலத்துக்குப் பூட்டும்போது அந்தத் திரவம் ஹீற்றருக்குள் வீணாகப் போகாமல் பைபாஸ் வால்வைத் திருப்பி விடுவார்கள். அப்போது குளிர்தண்ணீர் ஹீற்றரைத் தொடாமல் நேரே சுடுதண்ணீர்க் குழாய்க்குள் போகும். முதல் வருடம் அந்த வால்வைத் திருப்பி வைக்க நாங்கள் மறந்துவிட்டோம். சுடுதண்ணீர்ப் பைப்பைத் திறந்தோம், குளோரின் மணம் வந்தது, எல்லா இடமும் போய்விட்டது என்று நம்பினோம். ஹீற்றருக்குள் ஒரு துளி மருந்தும் போகவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு, ஆர்.வி.யை நிறுத்தித் தங்குகிற முகாமில் வால்வைத் திருப்பிச் சுடுதண்ணீர் எடுத்தபோது அழுகின முட்டை மணம். பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

அடுத்த நாள் ஹீற்றர் ஆறும்வரை இருந்து, அழுத்தத்தை விட்டு, அடித்தக்கையைக் கழற்றினேன். தக்கையோடு நீண்ட கம்பி ஒன்று வந்தது. இரும்பு ஹீற்றரில் துரு பிடிக்காமல், தான் கரைந்து காக்கிற கம்பி அது. புதிதில் பெருவிரல் மொத்தம் இருக்கும். வந்தது சைக்கிள் கம்பி அளவு, மேலெல்லாம் வெள்ளைப் பொருக்கு. துளை வழியாகச் சுண்ணாம்புத் துகளோடு கறுத்த தண்ணீர் கொட்டியது. வடிகிற துளை அடிமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் வடித்த பிறகும் கொஞ்சம் தண்ணீர் அடியில் தங்கும். மருந்து படாமல் அங்கே நின்ற அந்தத் தண்ணீரில் வளர்ந்த கிருமியும் அந்தக் கம்பியும் சேர்ந்தால் வருகிற மணம்தான் அது. ஆகவே தம்பி, அடித்தக்கையைக் கழற்றி உள்ளே ஹோஸ் பிடித்துக் கழுவுங்கள், கம்பி முக்காற்பங்கு கரைந்திருந்தால் மாற்றுங்கள், தக்கையைப் பூட்டுங்கள், பைபாஸைத் திருப்புங்கள். அலுமினிய ஹீற்றர் என்றால் கம்பி இருக்காது, வெறும் தக்கைதான். ஹீற்றர் நிறைந்து சுடுதண்ணீர்ப் பைப்பில் காற்றில்லாமல் தண்ணீர் வரும்வரை மின்சாரத்தைப் போட வேண்டாம். வெறும் தாங்கியில் சூடு ஏறினால் உள்ளிருந்து சூடாக்குகிற மின்கம்பி ஒரு நிமிடத்தில் எரிந்துவிடும்.

இப்போது மருந்து. தாங்கி 150, ஹீற்றர் 23 என்றால் மொத்தம் 173 லீற்றர். 5 சதவீதப் பிளீச் 175 மில்லிலீற்றர் அளந்து, ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தாங்கிக்குள் ஊற்றி, மிச்சத்துக்கு நல்ல தண்ணீரால் விளிம்பு மட்டும் நிரப்புங்கள். தாங்கியின் மேற்கூரையும் நனைய வேண்டும். பம்பைப் போட்டுப் பைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மணம் வந்தவுடன் மூடுங்கள். குசினியில் குளிர், சுடு இரண்டும். முகம் கழுவுகிற இடம். குளிக்கிற ஷவர். கழிப்பறை. பிறகு வாகனத்துக்கு வெளியே சின்னக் கதவுக்குள் ஒரு ஷவர் இருக்கும். அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், பிள்ளைகள் கடற்கரையில் கால் கழுவிவிட்டு வாய் வைத்துக் குடிப்பதும் அதில்தான். குழாய்களுக்குள் போனதற்குப் பதில் தாங்கியைத் திரும்ப நிரப்பி நாலு மணித்தியாலம் விடுங்கள். இரவு முழுக்க நின்றாலும் பரவாயில்லை, ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். றப்பர் வாஷர்களுக்கும் உலோகத்துக்கும் கூடாது. வாகனத்தைப் பக்கத்துத் தெருவரை ஓட்டிவந்தால் தாங்கிக்குள் தண்ணீர் அலம்பி மூலைகளைத் தொடும்.

வடித்துவிட்டு நல்ல தண்ணீரால் இரண்டு முறை, மணம் போகவில்லை என்றால் மூன்று முறை நிரப்பி ஓட விடுங்கள். கழுவின தண்ணீரை ஓடையிலோ மழைநீர்க் கானிலோ விட வேண்டாம், கழிவுநீர் கொட்டுகிற இடத்தில் விடுங்கள். கடைசியாகப் புதிய வடிகட்டி. வினாகிரியையோ அமோனியா கலந்த எதையோ பிளீச்சோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், மூச்சை அடைக்கிற வாயு வரும். மூடின வாகனத்துக்குள் அது மிகவும் ஆபத்து.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு மகன் குடும்பம் லண்டனிலிருந்து வருகிறது. அவர்களுக்கென்று கட்டின மேல்வீடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. மேலே 1000 லீற்றர் கறுப்புத் தாங்கி. பேரனுக்கு மூன்று மாதம், பால்மா கரைத்துத்தான் கொடுப்பார்கள். தாங்கியைக் கழுவினால் போதுமா? (வாசகி, இணுவில்)

பதில்: அக்கா, மேலே தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும், அளவு மட்டும் வேறு. இங்கே தண்ணீர் உறையாது. ஆனால் வெயிலில் இளஞ்சூடாகத் தேங்கி நிற்கிற தண்ணீரில் கிருமி இன்னும் நன்றாக வளரும்.

தாங்கியின் மூடி சரியாக மூடியிருந்ததா என்று முதலில் பாருங்கள். இடைவெளி இருந்தால் உள்ளே நுளம்புக் குடம்பி நெளியும், சில வேளை பல்லியும் கிடக்கும். தண்ணீரை வீட்டுக் குழாய் வழியாக இறக்காமல் தாங்கியின் அடித்தக்கை வழியாக வெளியே விடுங்கள். அடியில் கஞ்சிபோல வெள்ளைச் சேறு இருக்கும். நம்முடைய கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டினவை, அந்தச் சுண்ணாம்புதான் அங்கே படிகிறது. சவர்க்காரம் போடாமல் நீளக் கைபிடித் தூரிகையால் தேய்த்து வழித்து எடுங்கள். கிணற்றையும் ஒரு தடவை நன்றாக இறைத்துவிட்டுத் தாங்கியை நிரப்புங்கள்.

5 சதவீதப் பிளீச் என்றால் ஒரு லீற்றர். ரி.சி.எல். தூள் (கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூள்) என்றால், அதில் 30 சதவீதம் குளோரின் என்று எடுத்து, ஏறத்தாழ 170 கிறாம். கட்டிபட்டு மணமில்லாமல் கிடக்கிற பழைய தூளால் பயனில்லை. தூளை நேரே தாங்கிக்குள் கொட்டாதீர்கள். வெளியில், காற்றுப்படுகிற இடத்தில் பிளாஸ்ரிக் வாளித் தண்ணீரில் கரைத்து அரை மணித்தியாலம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும், மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அடிச்சுண்ணாம்பு உள்ளே போனால் ஷவர்த் துளையெல்லாம் அடைக்கும். ஷவர்த் தலைகள் ஏற்கனவே அடைத்திருந்தால் முதல் நாளே கழற்றி வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ ஊற வைத்து, நன்றாகக் கழுவிப் பூட்டுங்கள். பிளீச் வேலையோடு அதைச் சேர்க்க வேண்டாம். வோஷிங் மெஷினுக்குப் போகிற பைப், முற்றத்துப் பைப், கழிப்பறையில் கையால் பிடிக்கிற ஸ்பிறே எல்லாவற்றிலும் மணம் வரும்வரை திறந்து, நாலு மணித்தியாலம் விட்டு வடியுங்கள். அந்தத் தண்ணீரை வாழைக்கும் பூங்கன்றுக்கும் விடாதீர்கள், கிணற்றடியிலும் ஊற்றாதீர்கள்.

பேரனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அக்கா. இணுவில் செம்மண் தோட்டப் பூமி. போட்ட பசளையும் மலகூடக் குழிகளின் கசிவும் நைத்திரேற்று என்கிற உப்பாகக் கிணற்றுக்குள் இறங்கும். உலக சுகாதார அமைப்பு சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிறாம். குளோரின் நைத்திரேற்றை எடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி அது இன்னும் செறியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோவதை அது கெடுக்கும், பிள்ளை நீலம் பாரிக்கும். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் பேரனின் பால்மாவுக்கு எடுக்க வேண்டாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இன்றைக்கே கேளுங்கள், அவர்கள் வந்து இறங்குவதற்கு முதல் முடிவு கையில் இருக்க வேண்டும். அதுவரை பால்மாவுக்கு நைத்திரேற்றுக் குறைந்த போத்தல் தண்ணீரைக் கொதிக்க வைத்து எடுங்கள்.

கேள்வி: அம்மம்மா குடத்துக்குள் தேற்றாங்கொட்டை தேய்த்துத்தான் எங்களுக்குத் தண்ணீர் தந்தவ. ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. பிளீச் இல்லாமல் அது போதாதா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: தேற்றாங்கொட்டை நல்ல பொருள், நானும் பார்த்து வளர்ந்தவன். குடத்தின் உட்புறத்தில் அதை உரைத்தால் கலங்கல் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே படியும், மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். கிருமியில் ஒரு பங்கும் சேற்றோடு கீழே போகும். மிச்சம் மேலேயே நிற்கும். கண்ணுக்குத் தெளிந்த தண்ணீரிலும் நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்) கிருமி இருக்கும், யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் நெடுங்காலமாக உள்ளது. அம்மம்மாவின் முறையை விட வேண்டாம். தெளிந்ததை வேறு பாத்திரத்தில் இறுத்து, கொதி எழும்பி ஒரு நிமிடமாவது கொதித்த பிறகு ஆற விட்டுக் குடியுங்கள். குடத்தின் அடியில் படிந்ததை அன்றன்றைக்கே ஊற்றி, குடத்தை உள்ளே தேய்த்து வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.