ஈசிஜி சரி, ஆனாலும் மூச்சு முட்டுகிறது: டர்பனில் எங்கே போவது?

மூன்று தடவை எமர்ஜென்சிக்கு ஓடியும் ஈசிஜி சரி என்கிறார்கள், ஆனாலும் நெஞ்சு வலித்து மூச்சு முட்டுகிறது, எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி என்கிறீர்கள், பக்கத்து அரசு கிளினிக்குக்கே போங்கள். அங்கே கட்டணம் இல்லை. "நெஞ்சுவலி" என்று மட்டும் சொன்னால் மறுபடி ஈசிஜி எடுத்து அனுப்பிவிடுவார்கள். "திடீர் திடீரென்று பயம் வந்து ஆட்டுகிறது, சைக்காலஜிஸ்டைப் பார்க்க எழுதிக் கொடுங்கள்" என்று நேராகச் சொல்லுங்கள். அதற்குள் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சாடாக் (SADAG) அமைப்பின் உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

மூன்று தடவையும் ஈசிஜி சரி என்றால், பேனிக் அட்டாக்காக, அதாவது திடீரென்று வரும் கடும் பயத் தாக்குதலாக, இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த முறை கடிகாரத்தைப் பாருங்கள்: 10 நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்த் தானாக இறங்குகிறதா? தைராய்டு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், அதுவும் இதே படபடப்பைத் தரும்.

இந்தப் பயத்துக்கு டாக்டர் தினசரி மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். எனக்கு முதல் வாரம் படபடப்பு கூடத்தான் செய்தது. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், மயக்கம் வந்தால், கடிகாரமெல்லாம் வேண்டாம். உடனே 10177, ஆம்புலன்ஸ்.