பிரெய்ரிப் பூ விதை வாங்கும் முன்

கேள்வி: 'மிட்வெஸ்ட் காட்டுப்பூ' என்று போட்ட விதை டப்பா வாங்கித் தூவினேன். முதல் கோடையில் நீலமும் சிவப்புமாகப் பூத்துத் தள்ளியது. இந்த வருடம் வெறும் களை. என்ன தப்பு செய்தேன்? (நேபர்வில், இல்லினாய்)

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, டப்பாவில் போட்ட பெயர்தான் பொய். நீலம் அநேகமாகக் கார்ன்ஃப்ளவர், சிவப்பு பாப்பி. இரண்டும் அமெரிக்க மிட்வெஸ்ட் செடிகளே அல்ல, ஐரோப்பிய வயல்செடிகள், ஒரே வருடத்தில் ஆயுள் முடிந்துவிடும். நானும் இப்படி ஒன்று வாங்கினேன், அதில் டேம்ஸ் ராக்கெட் என்ற வெளிநாட்டுச் செடி கலந்திருந்தது. ஊதாப் பூவைப் பார்த்து இங்கேயே வளரும் காட்டு ஃப்ளாக்ஸ் பூ என்றே நம்பினேன். ஃப்ளாக்ஸுக்கு ஐந்து இதழ், இதற்கு நான்குதான் என்று எண்ணிப் பார்ப்பதற்குள் வேலி தாண்டி ஓடைக்கரை வரை பரவிவிட்டது. மூன்று வசந்தம் உட்கார்ந்து பிடுங்கினேன். இல்லினாயில் பிரெய்ரி என்ற பழைய காட்டுப் புல்வெளி 1% கூட மிஞ்சவில்லை, அதன் பெயரைச் சொல்லி இதை விற்கிறார்களே என்றுதான் ஆத்திரம் வருகிறது.

இனி முன்பக்கப் படத்தை விடுங்கள், பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். லியாட்ரிஸ், எக்கினேசியா, ருட்பெக்கியா என்று ஒவ்வொரு செடிக்கும் லத்தீன் பெயர் முழுதாக இருக்க வேண்டும். 'இனர்ட் மேட்டர்' என்பது பதரும் தூளும். அதுவே பாதிக்கு மேல் என்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். எடைக்கு வாங்கினால் 'பியூர் லைவ் சீட்', அதாவது உண்மையில் முளைக்கிற விதை எவ்வளவு என்ற கணக்குக் கேளுங்கள். தூய்மை 90%, முளைப்பு 80% என்றால் 100 கிராமில் முளைக்கிற விதை 72 கிராம்தான், காசும் அதற்குத்தான்.

கேள்வி: மே மாதம் பட்டர்ஃப்ளை வீட் என்ற பூச்செடியின் விதை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. 30 நாள் குளிரில் வைக்கச் சொல்லி பாக்கெட்டில் இருந்தது, நேரமில்லாமல் விட்டுவிட்டேன். பணம் திரும்பக் கேட்கலாமா? (ஏம்ஸ், அயோவா)

பதில்: கூடாது. படித்துவிட்டும் செய்யாததற்குக் கடைக்காரர் என்ன செய்வார்? மீதி விதையை நவம்பரில் தூவிவிடுங்கள், மற்றதைப் பனி பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: நர்சரியில் வாங்கிய மில்க்வீட் செடியில் மொனார்க் பட்டாம்பூச்சிப் புழுக்கள் இரண்டே நாளில் செத்துவிட்டன. மகள் அழுகிறாள். (மேடிசன், விஸ்கான்சின்)

பதில்: படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நம் எருக்குக்கு உறவான அந்தச் செடியை மொனார்க் புழுவுக்காகத்தானே வாங்குகிறோம். நர்சரியிலேயே நியோனிகோட்டினாய்டு என்ற பூச்சிமருந்து கொடுத்திருக்கலாம். அது இலைக்குள்ளேயே ஏறிவிடும், கழுவினால் போகாது. ரசீதோடு போய் என்ன மருந்து போட்டார்கள் என்று கேளுங்கள், பணத்தையும் திரும்பக் கேளுங்கள். அடுத்த முறை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள், பதில் மழுப்பினால் வாங்காதீர்கள்.

கேள்வி: விதைத்து ஒரு வருடம் ஆகிறது, பூவே இல்லை. பிடுங்கிவிட்டு வேறு வாங்கவா? (மின்னியாபொலிஸ்)

பதில்: வேண்டாம். பிரெய்ரிச் செடிக்கு இப்போது வேர்தான் இறங்குகிறது. மூன்றாம் வருடம் பாருங்கள்.