வீல் வெயிட் ஈயமும் விசாவும்

தம்பி, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கராஜில் துப்பாக்கிக்கான ஈயக் குண்டு வார்க்கக் கூப்பிடுகிறார், வீல் வெயிட் (கார் சக்கரத்தைச் சமன்படுத்த ஒட்டும் எடைத்துண்டு) ஈயத்தில் வெள்ளீயம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவுக்கு எச்1பி-யில் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதனால் விசா விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்குள்ள மத்திய சட்டப்படி எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. மாநில அரசு கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. வேறு சில விலக்குகளும் உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று: அந்தச் சட்டத்தில் தோட்டா என்பதற்குள் வெடிமருந்து நிரப்பாத வெறும் குண்டும் அடக்கம். ஆசையாக டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் நாலு ஈயக் குண்டும் அந்தக் கணக்கில் வரும். எனக்கு கிரீன் கார்டு வரும்வரை நான் தள்ளி நின்று பார்த்ததோடு சரி. நீங்களும் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு அப்புறம் குண்டு வார்க்கும் அச்சைத் தொடுங்கள். மாநிலச் சட்டம் தனி, அதையும் கேளுங்கள்.

இனி கலவை. தமிழில் ஈயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உருக்கும் சட்டிக்கு முன்னால் நிற்கும்போது காரீயம் (லெட்) வேறு, வெள்ளீயம் (டின்) வேறு என்று பிரித்தே பேசுங்கள். சுத்தக் காரீயம் நகத்தால் கீறினாலே தடம் விழும், பிரினெல் என்ற கடின அளவுகோலில் 5 அளவில்தான் இருக்கும். கடினத்தைக் கூட்டுவது பெரும்பாலும் ஆண்டிமனி என்ற உலோகம். வெள்ளீயத்தின் முக்கிய வேலை, உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பச் செய்வது. பழைய வீல் வெயிட்டில் ஆண்டிமனி சுமார் 3 சதவீதம் ஏற்கெனவே இருக்கும், வெள்ளீயம் அரை சதவீதம் இருந்தால் அதிகம். ஆகவே 5 கிலோவுக்கு 75 கிராம் வெள்ளீயம் போதும், மொத்தம் 2 சதவீதத்தை ஒட்டி வரும். அதற்கு மேல் போடுவது காசுக்குக் கேடு. லைமன் 2 என்ற பெயர்பெற்ற கலவை காரீயம் 90, வெள்ளீயம் 5, ஆண்டிமனி 5, கடினம் 15. சாதாரண வேகத்தில் போகும் கைத்துப்பாக்கிக் குண்டுக்கு அவ்வளவு தேவையே இல்லை. முன்வாய் வழியாக மருந்து திணிக்கும் பழைய பாணித் துப்பாக்கிக்கு வெறும் காரீயம்தான்.

கடினமாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். குண்டின் விட்டம் குழலுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் எந்தக் கலவையும் குழலுக்குள் ஈயத்தை அப்பத்தான் செய்யும்.

வீல் வெயிட்டைப் பொறுக்கும்போது துத்தநாகம் கலந்துவிடாமல் பாருங்கள். சிலவற்றில் துத்தநாகத்தின் குறியான ‘ஸெட்என்’ (Zn) என்று பொறித்திருக்கும், பலவற்றில் இருக்காது. காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419-இல். சூட்டை நிதானமாக வைத்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். நான் ஒருமுறை அவசரத்தில் அடுப்பை முழுசாகத் திருகிவிட்டேன். பளபளவென்று இருந்த சட்டி சேறுபோலக் கெட்டிப்பட்டது, குண்டெல்லாம் ஓரம் மழுங்கி வந்தது. அத்தனையும் வீண். கார் பேட்டரித் தகடுகளை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அவற்றை உருக்கினால் உயிருக்கே ஆபத்தான வாயு வரக்கூடும். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் வெடித்துச் சிதறும். நெற்றி வியர்வையைக்கூட சட்டிக்கு மேல் குனிந்து துடைக்க வேண்டாம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதாக எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. புகையை விடக் கசடும் தூசியும்தான் மோசம். கை, சட்டை, செருப்பு வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். வேடிக்கை பார்க்க மட்டும் போனாலும் செருப்பை வாசலிலேயே விடுங்கள், சட்டையைத் தனியாகத் துவையுங்கள், குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது குழந்தைக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ என்றாலே இங்கே கவனிக்கச் சொல்கிறார்கள்.